பன்னிரண்டு மாதப் பொறுப்பு: கனடாவில் அகதிக் குடும்பங்களை ஏற்கும் பணி

அகதி நிலைக்கு நிலையான தீர்வுகளாக ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையம் மூன்றைக் குறிப்பிடுகிறது: அச்சம் நீங்கியபின் விருப்பத்தோடு தாய்நாடு திரும்புதல், முதலில் தஞ்சம் புகுந்த நாட்டிலேயே உரிமைகளோடு தங்கிவிடுதல், இவ்விரண்டும் கைகூடாதபோது மூன்றாவது நாடொன்றில் குடியமர்த்தப்படுதல். மீள்குடியமர்வு என்று வழங்கும் இந்த மூன்றாவது வழி, உலகின் அகதிகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோருக்கே திறக்கிறது. அவ்வழியில் வந்திறங்கும் குடும்பத்தை அரச அலுவலர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், ஊரவர் சிலர் கூடிக் குழுவாகித் தங்கள் பணத்தாலும் நேரத்தாலும் முதல் ஓராண்டு தாங்கி நிற்கும் ஏற்பாடு கனடாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டபூர்வமாக நடைபெற்று வருகிறது. தனியார் ஆதரவுத் திட்டம் எனப்படும் அந்த ஏற்பாட்டில், ஒன்ராறியோ மாகாணத்தின் நடுத்தர நகரங்களில் இயங்கிய குழுக்களோடு பணியாற்றியவர்கள் தொழில்முறையில் கற்றுக்கொண்டவற்றை, அவர்களுள் ஒருவரான இக்கட்டுரையாளர் இங்குப் பதிவுசெய்கிறார்.

கனடாவில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் இந்த வழியாக வந்தவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீனவர்களால் மீட்கப்பட்ட 155 தமிழர்களும், 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்து தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட 492 பேரும், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விமான நிலையங்களில் இறங்கிப் பாதுகாப்புக் கேட்ட பல்லாயிரம் பேரும் புகலிடக் கோரிக்கையாளர்கள். அதாவது, நாட்டுக்குள் வந்தபின் தாங்கள் அகதிகள் என்பதை விசாரணைச் சபையின் முன் நிரூபிக்க வேண்டியிருந்தவர்கள். மீள்குடியமர்வில் அந்த விசாரணை வெளிநாட்டிலேயே முடிந்துவிடுகிறது. லெபனானிலோ துருக்கியிலோ எத்தியோப்பியாவிலோ உள்ள விசா அலுவலகம் நேர்காணல், மருத்துவச் சோதனை, பாதுகாப்புச் சோதனை ஆகிய மூன்றையும் நிறைவுசெய்த பின்பே குடும்பம் விமானம் ஏறுகிறது. கனடாவில் கால் வைக்கும் நாளிலேயே அவர்கள் நிரந்தர வதிவாளர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆகவே குழுவினரின் ஆதரவு அவர்களுடைய சட்ட நிலைக்கு எவ்வகையிலும் நிபந்தனை ஆகாது. இந்த ஓர் உண்மையைக் குழுவினரும் குடும்பத்தினரும் முதல் வாரத்திலேயே தெளிவாக அறிந்திருப்பது, பின்னால் எழக்கூடிய பல அச்சங்களை முளையிலேயே நீக்குகிறது. ஏனெனில் குழுவினருக்குச் சினமூட்டினால் தங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மனத்துக்குள் அஞ்சியபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்த குடும்பங்கள் உண்டு.

திட்டத்தின் வரலாறு சுருக்கமானது. 1976ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, தனியாருக்கும் அகதிகளை ஏற்கும் வாய்ப்பை அது அளித்தது; 1979 மார்ச்சில் மெனோனைட் மத்தியக் குழு என்னும் கிறிஸ்தவ அமைப்பு அரசோடு முதல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. அதே ஆண்டு ஜூலையில், வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து கடல்வழியாகவும் தரைவழியாகவும் தப்பியோடியவர்களில் 50,000 பேரை ஏற்பதாகவும், மக்கள் ஏற்கும் ஒவ்வொருவருக்கும் ஈடாக அரசு ஒருவரை ஏற்கும் என்றும் ஜோ கிளார்க் தலைமையிலான அரசு அறிவித்தது. ரொறன்ரோவில் தத்துவப் பேராசிரியர் ஹவர்ட் அடெல்மனின் வீட்டுக் கூட்டத்தில் தொடங்கிய 'ஒப்பரேஷன் லைஃப்லைன்' இயக்கமும், ஒட்டாவா மேயர் மரியன் டுவர் நகரத்தின் பெயரால் 4,000 பேரை ஏற்கத் தொடங்கிய முயற்சியும் நாடெங்கும் பரவ, 1980 முடிவதற்குள் வந்துசேர்ந்தோர் தொகை 60,000 ஆயிற்று; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை ஏற்றவர்கள் தேவாலயத்தாரும் அயலவரும் தொழிற்சங்கத்தாருமே. 1986இல் ஐ.நா. வழங்கும் நான்சன் பதக்கம் 'கனடா மக்களுக்கு' என்று ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் சேர்த்து அளிக்கப்பட்டது. அன்று தொட்டு இத்திட்டத்தின் வழியே வந்தோர் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

இன்றைய நடைமுறையில் ஏற்போர் மூவகைப்படுவர். அரசோடு நிலையான ஒப்பந்தம் செய்துகொண்டு ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை ஏற்கும் ஒப்பந்த அமைப்புகள் முதல்வகை. இவற்றுள் பெரும்பான்மை சமய நிறுவனங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட குடிமக்களோ நிரந்தர வதிவாளர்களோ ஐவர் சேர்ந்து அமைக்கும் ஐவர் குழு இரண்டாவது. ஊர்ச் சங்கங்களும் நிறுவனங்களும் சமூக ஆதரவாளர் என்ற பெயரில் மூன்றாவது. எவ்வகையாயினும் பொறுப்பு ஒன்றே: மாகாணத்தின் சமூக உதவித் தொகைக்குக் குறையாத மாதப்பணம், வீடு அமைக்கும் தொடக்கச் செலவு, குடியமர்வுக்கு வேண்டிய ஆள்துணை ஆகியவற்றைப் பன்னிரண்டு மாதங்களுக்கு வழங்குதல். 2013 முதல், விசா அலுவலகமே தெரிந்தனுப்பும் குடும்பங்களுக்கு ஆறு மாத வருமானத்தை அரசும் மீதி ஆறு மாதத்தைக் குழுவும் தரும் கலப்பு ஏற்பாடும் உண்டு. குடும்பத்தாரிடமிருந்து வருகைக்கு முன்னோ பின்னோ இந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பதை விதிகள் தடைசெய்கின்றன. அத்தடை காகிதத்தில் மட்டும் நில்லாமல் நடைமுறையிலும் காக்கப்பட வேண்டும் என்பதில் இப்பணியாளர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

பணம் திரட்டுவது கடினம் என்று வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது எளிய பகுதி. ஒரு விருந்தும் ஒரு தேவாலய வேண்டுகோளும் பத்துப் பதினைந்து நண்பர்களின் மாதாந்தப் பங்களிப்பும் போதும். வீடு தேடுவதே கடினம். விசா அலுவலகத்திலிருந்து வரும் வருகை அறிவித்தலுக்கும் விமானம் இறங்கும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்களே கிடைக்கின்றன. அதற்குள் கடன் வரலாறோ வேலைக் கடிதமோ இல்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு தரச் சம்மதிக்கும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்ராறியோச் சட்டப்படி முதல் மாத வாடகையையும், வைப்பாகக் கடைசி மாத வாடகையையும் மட்டுமே முன்கூட்டிக் கேட்கலாம் என்றிருந்தும், புதிதாக வருபவர்களுக்கு ஆறு மாத வாடகையை ஒன்றாகக் கட்டச் சொல்லும் உரிமையாளர்கள் குறைவில்லை. அவர்களிடம் சட்டத்தை எடுத்துரைப்பதோடு, குழுவில் ஒருவர் பிணைக் கையொப்பம் இடவும் ஆயத்தமாக இருந்தால் பல கதவுகள் திறக்கின்றன. வருவதற்கு முன்பே ஓராண்டு ஒப்பந்தத்தில் வீட்டை எடுத்து முற்றிலும் அலங்கரித்து வைப்பதா, சில வாரங்களுக்குத் தற்காலிக இருப்பிடம் தந்து குடும்பம் வந்தபின் அவர்களையே கூட்டிச்சென்று தெரிவுசெய்ய வைப்பதா என்ற விவாதம் குழுக்களில் எப்போதும் நடக்கும். இரண்டாவது முறையில் அலைச்சல் அதிகம். ஆயினும் பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ நடந்துபோகும் தூரம், தாய்மொழி பேசும் இன்னொரு குடும்பத்தின் அருகாமை, பேருந்து நிறுத்தம், ஹலால் இறைச்சிக் கடை ஆகியவற்றுள் எதற்கு முதலிடம் என்பதைப் பிறர் ஊகிக்க முடியாது என்பதால், இயன்ற இடங்களில் அதுவே சிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

வீட்டுப் பொருட்களில் நன்கொடையாக வருபவற்றை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஒருவரைத் தனியே நியமிப்பது வழக்கம். மூட்டைப்பூச்சியின் பொருட்டு மெத்தைகள் எப்போதும் புதியனவாகவே வாங்கப்படுகின்றன. பனிக்காலத்தில் வருபவர்களுக்குச் சப்பாத்து அளவு முன்கூட்டித் தெரியாது என்பதால் மேலங்கிகளை விமான நிலையத்துக்கு எடுத்துச் சென்று, சப்பாத்துகளை மறுநாள் கடையில் அவர்களே போட்டுப் பார்த்து வாங்க விடுகிறார்கள். குழந்தைகள் இருக்கும் குடும்பமாயின், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற காரிருக்கைகள் இன்றி விமான நிலையத்திலிருந்து ஒரு வாகனமும் புறப்பட முடியாது. இதை மறந்துவிட்டு மலர்க்கொத்தோடு மட்டும் போய் நின்றால் எதுவும் நடவாது.

விமான நிலையத்து வரவேற்பைப் பற்றிப் பெரிய கனவுகள் நிலவுகின்றன. 2015 டிசம்பர் 10ஆம் திகதி இரவு, சிரிய அகதிகளை ஏற்றிய முதல் அரச விமானம் ரொறன்ரோவில் இறங்கியபோது பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நேரில் சென்று குழந்தைகளுக்குக் குளிர்மேலங்கி அணிவித்த படங்கள் உலகெங்கும் பரவியதும், அடுத்த பெப்ரவரி முடிவதற்குள் 25,000 சிரியர்களை அழைத்துவந்த வேகமும் நாட்டுக்கு நல்ல உற்சாகத்தைத் தந்தன. அந்த உற்சாகமே ஆயிரக்கணக்கான புதிய குழுக்களைத் தோற்றுவித்தது. ஆனால் குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் சின்னம் பொறித்த வெள்ளைப் பையைக் கையில் பற்றியபடி, இரண்டு மூன்று விமானங்கள் மாறி, தூங்காத பிள்ளைகளோடு வெளியே வரும் தாய்க்கு இருபது பேர் பதாகையும் பலூனும் பிடித்து நிற்பது ஆறுதல் அளிப்பதில்லை. இருவர் அல்லது மூவர், அவர்களுள் ஒருவர் குடும்பத்தின் மொழியைப் பேசுபவர், குழந்தைகளுக்கு நீர், வீட்டை அடைந்ததும் சூடான சோறு, அதன்பின் குழுவினர் எல்லோரும் வெளியேறிவிடுதல் என்று வகுத்துக்கொண்ட குழுக்களே நன்றாகத் தொடங்குகின்றன. அன்றிரவு சொல்லவேண்டியவை மூன்றே: அடுப்பை எரிப்பதும் அணைப்பதும் எப்படி, வெப்பத்தைக் கூட்டுவது எப்படி, ஆபத்தென்றால் 911. ஏனையவற்றை நாளை சொல்லலாம்.

அடுத்த பத்து நாட்கள் முழுதும் படிவங்களுக்குரியவை. சமூகக் காப்புறுதி எண், மாகாண மருத்துவ அட்டை, இடைக்காலக் கூட்டாட்சி சுகாதாரத் திட்டம் (மூக்குக்கண்ணாடி, அவசரப் பல்வைத்தியம், மருந்துச் செலவு ஆகிய மாகாண அட்டை தாங்காதவற்றை ஆதரவுக் காலத்தில் ஏற்கும் மத்திய அரசின் ஏற்பாடு), வங்கிக் கணக்கு, பாடசாலைச் சேர்க்கை, பிள்ளைகளுக்கான மத்திய அரசுக் கொடுப்பனவு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று சார்ந்து நிற்பதால், வரிசை தவறினால் ஒரு மாதம் வீணாகும். பிறப்புப் பதிவு இல்லாத ஊர்களிலிருந்து வருவோர் பலருக்கு அகதிப் பதிவில் ஜனவரி 1 பிறந்தநாளாக இடப்பட்டிருக்கும்; ஒரே குடும்பத்தில் தகப்பனும் தாயும் மூத்த மகளும் ஒரே நாளில் பிறந்தவர்களாகத் தோன்றுவதைக் கண்டு கணினியும் எழுத்தரும் தடுமாறுவது வழக்கமாதலால், பயண ஆவணத்தில் உள்ளபடியே எல்லாப் படிவங்களிலும் ஒரு எழுத்தும் மாறாமல் எழுதுவதைக் குழுவில் பொறுமையான ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள். ஆண்டு பிழையாகப் பதிவாகிய பிள்ளைகள் உண்மையில் தங்களைவிட இரண்டு மூன்று வயது குறைந்தவர்களோடோ கூடியவர்களோடோ வகுப்பில் உட்கார நேர்கிறது. இதைத் திருத்துவது எளிதன்று என்பதால், ஆசிரியரிடம் உண்மை வயதை எடுத்துச் சொல்லிப் பாடசாலையின் ஒத்துழைப்பைப் பெறுவதே பெரும்பாலும் கிடைக்கும் வழி.

மொழிபெயர்ப்பாளர் விடயத்தில் இரண்டு விதிகள் மீறத் தகாதவை. முதலாவது, பிள்ளைகளைக் கொண்டு பெற்றோருக்கு மொழிபெயர்க்கச் செய்யக்கூடாது. பதினொரு வயது மகன் ஆங்கிலத்தை நான்கு மாதத்தில் பிடித்துவிடுவான். ஆனால் தாயின் கர்ப்பப்பை நோயையோ தகப்பன் சிறையில் பட்டதையோ வைத்தியருக்கு அவன் வாயால் சொல்ல வைப்பது அவனுக்கும் அவர்களுக்கும் தீராத ஊறு. இரண்டாவது, ஒரே மொழி பேசுகிறார் என்பதால் ஒருவர் பொருத்தமானவர் ஆகிவிடுவதில்லை. 2017இல் ஈராக்கிலிருந்து கனடா ஏற்ற யசீதிப் பெண்கள் பலர் அரபு மொழியை அறிந்திருந்தும், தங்களைச் சிறைப்பிடித்தவர்கள் பேசிய மொழி அதுவே என்பதால் அதைக் கேட்டாலே நடுங்கினார்கள். அவர்களுக்குக் குர்மாஞ்சி பேசும் பெண் மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டியிருந்தனர், அத்தகையோர் நாட்டிலேயே மிகச் சிலர். எரித்திரியர், சிரியர், ஆப்கானியர் என எச்சமூகத்திலும் போரின் எதிர்ப்பக்கத்தில் நின்றவர் அதே நகரில் இருக்கக்கூடும் என்பதை ஈழத்தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர், இயக்கம், சாதி ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே நுணுக்கி விசாரிக்கும் உதவியாளரை நம் மக்கள் எவ்வாறு அஞ்சினார்களோ அவ்வாறே அவர்களும் அஞ்சுகிறார்கள். ஆகையால் தொலைபேசி வழியே தொலைவிலிருந்து பேசும், பெயர் சொல்லாத, கட்டணம் பெறும் மொழிபெயர்ப்பாளரைச் சில குடும்பங்கள் பக்கத்து வீட்டு நல்லவரைவிட விரும்புகின்றன. அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும்.

இப்பணியின் நடுமையம் பணம். குழுவின் கையில் பணம் இருக்கிறது, குடும்பத்தின் கையில் இல்லை. ஆங்கிலமும் வாகனமும் வைத்தியரைத் தெரிந்திருப்பதும் குழுவின் பக்கத்திலேயே இருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வை எவ்வளவு அன்பும் மறைத்துவிட முடியாது, முறையான ஏற்பாடுகளே அதைக் குறைக்கும். குடும்பத்துக்குச் சொந்தக் கணக்கு திறந்த நாளிலிருந்து மாதப்பணம் முழுவதும் குறித்த நாளில் அக்கணக்குக்குப் போய்ச்சேர வேண்டும். குழு உறுப்பினர் எவருடைய பெயரும் அக்கணக்கில் இருக்கக்கூடாது. வாடகையையும் மின்கட்டணத்தையும் முதல் ஒன்றிரண்டு மாதம் கூட இருந்து காட்டிக்கொடுத்தபின் குடும்பமே செலுத்த வேண்டும். குழு நேரடியாக வாடகையைக் கட்டிவிட்டு மீதியைக் கடைப் பற்றுச்சீட்டு கேட்டுக் கேட்டுக் கொடுப்பது கணக்குக்கு வசதியாக இருக்கலாம், ஆனால் அவ்வாறு நடத்தப்பட்ட குடும்பம் பன்னிரண்டாம் மாதத்திலும் முதல் மாதத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மாதப்பணத்தில் ஒரு பகுதியைக் குடும்பம் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்பது தெரியவரும்போதுதான் பெரும்பாலான குழுக்களின் மனம் சோதனைக்கு உள்ளாகிறது. ஊரெல்லாம் அலைந்து திரட்டிய பணம், பிள்ளைகளின் பாலுக்கும் பழத்துக்கும் என்று கொடுத்தது, லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் கூடாரத்தில் இருக்கும் தகப்பனுக்கோ இஸ்தான்புல்லில் தைக்கும் தம்பிக்கோ போகிறது என்று அறியும் நன்கொடையாளர் சிலர் ஏமாற்றப்பட்டதாக வருந்துகிறார்கள். விதிகள் தெளிவானவை: கொடுக்கப்பட்ட பின் அது குடும்பத்தின் பணம். விதிக்கு அப்பாலும் இதில் புரிந்துகொள்ள வேண்டியது உண்டு. எண்பதுகளில் ரொறன்ரோவுக்கு வந்து, தொடர்மாடிக் குடியிருப்பின் ஓரறையில் நால்வராகப் படுத்து, உணவகங்களில் பாத்திரம் கழுவிய தமிழ் இளைஞர்கள் முதற் சம்பளத்திலேயே உண்டியல் வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பணம் அனுப்பியது ஏன் என்று ஒருவரும் அவர்களிடம் கேட்டதில்லை. அது கேள்விக்கு அப்பாற்பட்ட கடமையாக இருந்தது. தாய் பட்டினி கிடக்கையில் தான் இறைச்சி உண்ண முடியாத மகனுக்கு, அந்த அனுப்புதலே உண்ணும் சோற்றைச் செரிக்க வைக்கிறது. குழுவின் வேலை வரவு செலவை வெளிப்படையாக வைத்து, வாடகைக்கும் உணவுக்கும் போக எவ்வளவு மீந்தால் எவ்வளவு அனுப்பலாம் என்று அவர்களே கணக்கிடத் துணைசெய்வது; அனுப்பாதே என்று சொல்லும் இடத்தில் குழு இல்லை.

குடும்பத்தில் ஒருவர் வேலைக்குப் போனால் மாதப்பணத்தைக் குறைக்கலாமா என்பதும் அடிக்கடி எழும் வினா. ஆதரவுத் தொகையின் பாதியளவு வரை உழைத்தாலும் குறைப்பு இல்லை, அதற்கு மேற்பட்ட உழைப்புக்கே ஈடாகக் குறைக்கலாம் என்பதும், பிள்ளைகளுக்கான கொடுப்பனவை வருமானமாக எண்ணிக் கழிக்கக்கூடாது என்பதும் நடைமுறை. பயணச் செலவையும் மருத்துவச் சோதனைச் செலவையும் அரசு பெரும்பாலோருக்குக் கடனாகவே கொடுத்திருக்கிறது என்பது பல நன்கொடையாளருக்குத் தெரியாது. ஆள்தொகை மிகுந்த குடும்பத்துக்கு அது பல ஆயிரம் டொலர் சுமை. 2018இல் அக்கடனின் வட்டி நீக்கப்பட்டதும் திருப்பிச் செலுத்துதல் ஓராண்டுக்குப்பின் தொடங்குமாறு மாற்றப்பட்டதும் இப்பணியில் இருப்போர் பல ஆண்டுகள் கோரிப் பெற்ற நிவாரணங்கள்.

குடும்பத்தின் படங்களை முகநூலில் இடுவது பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். அவர்களுடைய உடன்பிறப்புகள் இன்னும் தாய்நாட்டிலோ அதன் எல்லையிலோ இருப்பார்கள். ஒரு படம் அங்கே ஒருவரைக் கைதுசெய்யப் போதும். இது ஆபத்து பற்றிய காரணம். இன்னொரு காரணமும் உண்டு: உள்ளூர்ப் பத்திரிகைக்கு நன்றி தெரிவிக்கும் நேர்காணல் கொடுக்கும்படி கேட்கப்படும் குடும்பம் மறுக்கும் நிலையில் இல்லை. நோவா ஸ்கோஷியாவின் அன்டிகோனிஷ் ஊரில் குடியேறி 'பீஸ் பை சொக்லட்' என்ற தொழிலைக் கட்டியெழுப்பிய ஹதாத் குடும்பம் தன் கதையைத் தானே முன்வந்து சொல்லி நாடறிந்தது. டமாஸ்கஸில் அவர்களுக்குச் சொக்லட் தொழிற்சாலை முன்பே இருந்தது என்பதையும் அவர்கள் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு, ஹோம்ஸில் ஓடு பதித்துக்கொண்டிருந்தவரிடம் ஆறாம் மாதத்தில் அத்தகைய எழுச்சியை எதிர்பார்ப்பது அநீதி.

ஓடு பதிப்பவர் வந்த வாரத்திலேயே வேலை கேட்பார். வேலையா மொழியா என்ற இந்தப் பிணக்குக்குப் பொதுவான விடை இல்லை. புதியோருக்கான இலவச ஆங்கில வகுப்புகளை மத்திய அரசு நடத்துகிறது. தரம் பார்த்து நிலை வகுத்துச் சேர்ப்பார்கள். குழந்தைப் பராமரிப்போடு கூடிய வகுப்புகளுக்குக் காத்திருப்போர் மிகுதி, அதனால் தாய்மாரே பின்தங்கிவிடுகிறார்கள். குழுக்கள் பெரும்பாலும் ஓராண்டு முழுதும் கணவன் வகுப்பில் இருக்க வேண்டும் என்று விரும்புகின்றன. ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் முகாமில் கைகட்டி இருக்க வைக்கப்பட்ட ஒரு கைவினைஞருக்குக் கையில் கரண்டி பிடிப்பதே மருந்து. கட்டட வேலையிடத்தில் கற்கும் ஆங்கிலம் இலக்கணம் குன்றியதாயினும் விரைவாக வருகிறது. மனைவிக்கு வகுப்பில் முதலிடமும், கணவனுக்கு மூன்று நாள் வேலையும் இரண்டு மாலை வகுப்பும் என்ற ஏற்பாடு சில வீடுகளில் நன்றாக அமைந்திருக்கிறது. முடிவு அவர்களுடையது, இரண்டு பக்கத்து விளைவுகளையும் அவர்களுடைய மொழியில் விளங்கச் சொல்வது குழுவினது.

பதின்மூன்றாம் மாதம் என்பது இப்பணியாளரிடையே ஒரு கலைச்சொல்; குழுவின் சட்டப் பொறுப்பு முடிந்து பணம் நிற்கும் மாதத்தைக் குறிப்பது. உழைப்புப் போதாத குடும்பங்கள் அம்மாதத்தில் மாகாண சமூக உதவிக்கு, நம்மவர் 'வெல்ஃபெயார்' என்று சொல்வதற்கு, விண்ணப்பிக்கிறார்கள். இதைத் தோல்வியாகக் கருதி வெட்கப்படும் குழுக்கள், பதினொன்றாம் மாதம் வரை அதைப் பேசாமலே விட்டுக் குடும்பத்தை இருட்டில் தள்ளுகின்றன. ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து, வாடகை எவ்வளவு, உழைப்பு எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, குறை எவ்வளவு என்று எழுதி, தேவையான படிவங்களைத் தயார்செய்துவிட்டால் அம்மாதம் மற்ற மாதங்களைப் போலவே கடந்துபோகும். பணப்பொறுப்பு நின்றபின் உறவு நின்றுவிடுவதும் உண்டு, தொடர்வதும் உண்டு. தங்களுக்கு இனி குழு வேண்டாம் என்று ஒரு குடும்பம் வேறு நகருக்கு, தம்மவர் நிறைய வாழும் மிசிசாகாவுக்கோ ஒன்ராறியோவிலேயே உள்ள லண்டனுக்கோ பெயர்ந்துவிடும்போது சிறுநகரத்துக் குழுவினர் மனமுடைவது இயல்பே; ஆயினும் வேண்டிய இடத்தில் வாழும் உரிமை நிரந்தர வதிவாளருக்கு உண்டு, அதைப் பயன்படுத்தத் துணிவது அவர்கள் காலூன்றிவிட்டார்கள் என்பதற்குச் சான்று.

இத்தனைக்கும் இடையே குடும்பம் ஓயாமல் எண்ணிக்கொண்டிருப்பது பின்னால் விடப்பட்டவர்களை. வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், பிரிந்து வேறிடத்தில் இருக்கும் கணவனையோ மனைவியையோ, 22 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையோ அகதி என்ற நிலையிலேயே அழைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஓராண்டுச் சாளரம் என்று இதைச் சொல்வார்கள். புறப்படுமுன் கொடுத்த விண்ணப்பத்தில் அவர்களுடைய பெயர் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இறந்துவிட்டதாக நம்பப்பட்ட மகன், முகாமில் பிறந்து பதிவாகாத குழந்தை, பயத்தால் மறைக்கப்பட்ட மனைவி ஆகியோர் அதில் விடுபட்டிருந்தால், பின்னால் குடும்ப வகுப்பில் அழைக்கவும் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். 2019 முதல் சில வகையினருக்கு விலக்கு அளிக்கும் கொள்கை வந்த பிறகும் அது வழக்கறிஞர் இன்றித் தாண்டக்கூடிய தடை அன்று. ஆகவே குழுவினர் முதல் மாதத்திலேயே, நம்பிக்கைக்குரிய மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, யார் யார் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, ஓராண்டு முடியும் திகதியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

பெற்றோரும் உடன்பிறப்புகளும் அந்தச் சாளரத்துக்குள் அடங்க மாட்டார்கள். அவர்களுக்காக இன்னொரு குழு அமைக்க வேண்டும். முன்பு வந்த குடும்பமும், அதை ஏற்ற குழுவும் சேர்ந்து இரண்டாவது குடும்பத்துக்குப் பொறுப்பேற்பது இத்திட்டத்தில் மிகப் பரவலாக நடப்பது. அதன் விளைவாக விண்ணப்பங்கள் பெருகி, காத்திருப்புக் காலம் ஆண்டுகளாக நீண்டு, 2024 நவம்பர் இறுதியில் ஐவர் குழுக்களிடமிருந்தும் சமூக ஆதரவாளர்களிடமிருந்தும் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை மத்திய அரசு இடைநிறுத்தியது. அதற்கு முன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அத்தகையோரின் கோப்பைக் கையில் வைத்திருக்கும் குழு செய்ய வேண்டியவை சில: வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தின் தொலைபேசி எண்ணோ முகவரியோ மாறினால் உடனே விசா அலுவலகத்துக்கு அறிவித்தல், மருத்துவச் சோதனையின் காலம் முடிந்தால் புதுப்பிக்கச் செய்தல், திருமணமோ பிறப்போ நேர்ந்தால் விமானம் ஏறுமுன் பதிவுசெய்வித்தல், இங்கே குழுவில் ஒருவர் ஊர் மாறினாலோ இறந்தாலோ அவருக்கு ஈடாக இன்னொருவரைச் சேர்த்தல், ஆண்டுக்கு இரு முறையாவது கூடி, திரட்டிய பணம் வாடகை உயர்வுக்கு இன்னும் ஈடுகொடுக்குமா என்று பார்த்தல்.